எட்டாத எட்டு

ஜூன் 4

இன்று காலின் கவசத்தைக் கழற்றினார்கள். ஏழு வாரம் ஆயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லை இரண்டாக உடைத்துக்கொண்டவளுக்கு, சில்லு ஒட்டிவிட்டது என்ற செய்தி இனிக்கத்தான் செய்தது. குனிந்து பார்க்கிற வரைக்கும்.

தொடை எங்கே?

இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். இடது கால் என்னுடையது. வலது கால் யாரோ ஒரு நோஞ்சானுடையது. ஒரு காலத்தில் மைதானமே எழுந்து நின்று பார்த்த தொடை இது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிசியோதெரபி பெண், கண்டிப்பானவள், முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். பல்லைக் கடித்தேன், முகம் கோணியது, சும்மா இருந்த இடது கால்கூட இறுகியது. வலது தொடை மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது.

"செத்துப்போச்சா?"

"தூங்குதும்மா. முட்டியில அடிபட்டா மூளையே இந்தத் தசையை அணைச்சு வச்சிடும். நாமதான் எழுப்பணும்."

வீட்டுக்காரர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்ததும் நாடாவை எடுத்துவிட்டார். சில்லுக்கு மேலே சரியாகப் பத்து சென்டிமீட்டர், பேனாவால் ஒரு புள்ளி, அங்கே சுற்றளவு. இடது 43. வலது 38.5. "நாலரை சென்டிமீட்டர் ஆக்கிரமிப்பு" என்றார். சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

ஜூன் 7

அசையவில்லை.

ஜூன் 9

நேர் போன் செய்தாள்.

இதை நாளைக்கு வேறு யாராவது படித்தால் நேர் யார் என்று விழிப்பார்கள். நாங்கள் நாலு பேர், கல்லூரியின் தொடர் ஓட்டக்காரிகள். ஆளுக்கு நூறு மீட்டர், கையில் ஒரு குச்சி. முதல் நாளே விளையாட்டு டீச்சர் எங்களை வரிசையாகத் தரையில் உட்காரவைத்து, சாக்பீஸால் எங்கள் தொடையிலேயே படம் போட்டார். முன்தொடையில் இருப்பது நாலு தலை உள்ள பெருந்தசை. இடுப்பிலிருந்து நேராக இறங்குவது நேர். வெளிப்பக்கம் இருப்பது வெளி. உட்பக்கம் முட்டிக்கு மேல் புடைத்திருப்பது உள். நேருக்கு அடியில், எலும்பை ஒட்டி, கண்ணுக்கே தெரியாமல் கிடப்பது நடு. "நாலும் தனித்தனி இடத்துலேருந்து புறப்படும். முட்டிக்கு வரும்போது ஒரே நார், ஒரே சில்லு. நாலும் சேந்து இழுத்தாத்தான் கால் நீளும். புரியுதா கழுதைங்களா?" என்றார். அன்றே எங்களுக்கு அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. முதலில் ஓடுபவள் நேர், பிறகு வெளி, மூன்றாவது நடு, கடைசியில் நான், உள். பெயருக்கேற்றபடி வெளி வெளிநாடு போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு வாழ்த்தோடு சரி.

அந்தச் சாக்பீஸ் படத்தோடேயே வகுப்புக்குப் போய் உட்காருவோம். பாவாடையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். நடுதான் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நேர் சொன்ன சேதி இது: "நடு வீட்டைக் காலி பண்றாளாம். ஜூலை முப்பது, மகன்கிட்ட ஒரேயடியாப் போறா. கடல் தாண்டி. உங்கிட்ட சொன்னாளா?"

சொல்லவில்லை. ஏன் சொல்வாள்? பேருந்தில் அரைமணி நேரத் தூரத்தில் இருப்பவளை நான் போய்ப் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது.

ஜூன் 10

எழுதிவிடுகிறேன். காகிதத்துக்குக்கூடச் சொல்லாமல் எத்தனை நாள்?

தொடர் ஓட்டத்தில் குச்சியை வாங்குபவள், தான் நிற்கிற இடத்திலிருந்து பின்னால் இருபத்தாறு பாதம் அளந்து தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி வைத்து அளக்க வேண்டும். வருகிறவள் அந்தக் கோட்டை மிதித்ததும் இவள் புறப்பட வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. வருகிறவள் நெருங்கியதும் "கை!" என்று கத்துவாள். கை பின்னால் போகும், குச்சி வந்து உட்காரும். நடுவும் நானும் இதை ஆயிரம் தடவை செய்திருப்போம். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பின்னால் வந்து "கை!" என்றால்கூட என் கை தானாகப் பின்னால் போகும். உள்ளங்கையில் ஒரு மிட்டாய் விழும். சில நாள் கடித்த பென்சில்.

கடைசிப் போட்டியன்று தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஓட்டக்காரிகளில் ஒருத்தியை வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு. குச்சியை வாங்கும்போதே நான் முழு வேகத்தில் இருந்தால் அவர் கண்ணில் எடுப்பாகப் படும் என்று தோன்றியது. யாரும் பார்க்காத நேரத்தில் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு முப்பதாவது பாதத்தில் போட்டேன். நாலே நாலு பாதம் கூட. நடுவிடம் சொல்லவில்லை.

அவள் கோட்டை மிதித்தாள், நான் பறந்தேன். பின்னாலிருந்து "கை" வரவில்லை. "நில்லு… நில்லுடி!" என்று வந்தது. காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. நான் நிற்கவில்லை, கையை மட்டும் நீட்டினேன். அவள் எப்படியோ எட்டி ஒரு எட்டு வைத்துக் குச்சியைச் சேர்த்துவிட்டாள். அப்புறம் ஓர் அலறல்.

ஜெயித்தோம். எனக்கு வேலை கிடைத்தது. நடுவுக்கு இடது பின்தொடை கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. "உடம்பைச் சூடு பண்ணாம ஓடினா இப்படித்தான்" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், கழுத்தில் பதக்கத்தோடு. முப்பத்தெட்டு வருஷம்.

ஜூன் 11

முப்பத்து மூன்று வருஷம் தொலைபேசி அலுவலகத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவைத்த மகராசி நான். இன்று ஓர் எண்ணை அழுத்த அரைநாள் ஆயிற்று.

நடுதான் எடுத்தாள். அதே குரல். "உள்ளா! கால் எப்படிடி இருக்கு? நேர் சொன்னா" என்றாள். ஊருக்குப் போவதற்குள் வந்து பார்க்கிறேன் என்றேன். "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்பத்து நாலு படி. உடைஞ்ச காலை வச்சுகிட்டு என்ன வீறாப்பு? முடிஞ்சா நானே ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்."

வேண்டாம் என்றேன். பிறத்தியாளைக் கெடுத்தவள் தன் வீட்டுக்கு வரவழைத்தா அதைச் சொல்வது? நான்தான் படியேற வேண்டும். போனில் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கு இல்ல?" என்றுதான் வந்தது. தூ.

ஐம்பத்து நாலு படி. நாற்பத்தொன்பது நாள். இப்போதைக்கு ஒரு துண்டைக்கூட அமுக்க முடியாத தொடை.

ஜூன் 16

அசைந்தது!

பிசியோ பெண் விரலை என் தொடையில் வைத்து, "இங்க… என் விரலை மேல தள்ளுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் மீன் திரும்பினாற்போல ஓர் அசைவு. அது நேரும் வெளியும்தானாம். "உள்பக்கத் தசை இன்னும் எழுந்திருக்கலைம்மா. முட்டிக்கு மேல கண்ணீர்த்துளி மாதிரி இருக்குமே, அது. முதல்ல கரையறது அதுதான், கடைசியா திரும்பறதும் அதுதான். சில்லு விலகாம இழுத்துப் பிடிக்கிற வேலை அதோடது."

அது என் பெயர் என்று அவளிடம் சொல்லவில்லை. டீச்சர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

ஜூன் 24

காலை மடக்காமல் நேராகத் தூக்க வருகிறது. பத்து தடவை. வீட்டுக்காரர் எண்ணுவார். ஏழுக்கு அப்புறம் மறுபடி ஐந்துக்குப் போவார். கேட்டால், "சரியா நேராத் தூக்கலை, அது செல்லாது" என்பார். பிசியோ பெண்ணுக்கு இவர் வைத்த பெயர் சர்வாதிகாரி. இவர் அதற்கு மேல்.

அவளுடைய அறைச் சுவரில் தொடையின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. இடுப்பின் வெளி ஓரத்தில் தொடங்கித் தொடையின் குறுக்கே சரிந்து முட்டியின் உட்பக்கம் வரை ஓடுகிற நாடா போன்ற தசைதான் உடம்பிலேயே நீளமாம். சம்மணம் போட்டு உட்கார அது வேண்டும், அதனால் தையல்காரர் தசை என்று பெயராம். உட்தொடையில் விசிறிபோல் இருப்பவை இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடிப்பவை. வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் எல்லையையும் பார்த்துவிட்டு, "வரைபடம் பரவாயில்லை. ஆனா கல் நட்ட இடம் எதுவும் குறிக்கலை" என்றார்.

திரும்பி வரும்போது பழைய கதை ஒன்றைச் சொன்னார். அண்டை நிலத்துக்குள் எல்லைக்கல்லை நகர்த்தி நட்டவன் ஒருவன். "அந்த மாதிரி ஆளு எப்படித்தான் கண்ணை மூடித் தூங்குவானோ" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நன்றாகத்தான் தூங்குவான். நான் தூங்கினேனே.

ஜூலை 3

இன்று கேட்டே விட்டேன். "பின்தொடை எதனால கிழியும்? உடம்பைச் சூடு பண்ணலைன்னா கிழியுமா?"

பிசியோ பெண் என்னைக் குப்புறப் படுக்கவைத்திருந்தாள். தொடையின் பின்பக்கம் இருக்கிற மூன்றையும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். ஒன்று வெளிப்பக்கம், இரண்டு உட்பக்கம். முட்டியின் பின்னால் இரண்டு புறமும் கயிறுபோல் தட்டுப்படுவது அவற்றின் நார்.

"முட்டியை மடக்கறதும் இடுப்பைப் பின்னால தள்றதும் இதோட வேலை. ஆனா ஓடும்போது முக்கியமான வேலை வேறம்மா. முன்னால வீசின காலைப் பிடிச்சு நிறுத்தறது. முன்தொடை இன்ஜின்னா இது பிரேக். சூடு பண்ணாததும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா எட்டாத எட்டு வச்சா, பிரேக் போடப் போட நீளும் பாருங்க, அப்பதான் பட்டுனு போகும்."

எட்டாத எட்டு.

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 5

மைதானத்தின் ஈர மண் வாசனை இன்று காரணமே இல்லாமல் வந்தது. பயிற்சி முடிந்ததும் நாலு பேரும் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவர்மேல் சாய்த்துக்கொள்வோம். எட்டுக் கால். யாருடைய தொடை முதலில் நடுங்கி நிற்கிறது என்று பந்தயம். நடுவின் தொடை நிற்கவே நிற்காது. "இது இன்னும் ஓடிட்டிருக்குடி, நான் மட்டுந்தான் படுத்திருக்கேன்" என்பாள். அவ்வளவு வேகமானவள். எங்கள் நாலு பேரில் நிஜமாகவே ஓடத் தெரிந்தவள் அவள்தான். அதிகாரி அவளைத்தான் எடுத்திருப்பார். இதையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 12

படி! மூன்று ஏறினேன். "ஏறும்போது நல்ல காலு முன்னாடி. இறங்கும்போது கெட்ட காலு முன்னாடி. மறந்துடாதீங்க" என்றாள் சர்வாதிகாரி. ஏற்றத்தைவிட இறக்கம்தான் பெரிய பாடாம். இறங்கும்போது முன்தொடை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும்.

ஐம்பத்து நாலு படி எப்போது முடியும் என்று கேட்டேன். "என்ன அவசரம்? ஆகஸ்ட் கடைசியில பார்க்கலாம்" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே பூட்டுத்தான் இருக்கும்.

ஜூலை 18

திருட்டுத்தனமாக வீட்டு மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கினேன். முட்டி பூசணிக்காய். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஜூலை 24

வலது 40.5. உள் எழுந்துவிட்டது. முட்டிக்கு மேல் சின்னதாக ஒரு புடைப்பு. தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், புது நகை போட்டவள் மாதிரி.

ஜூலை 27

வீட்டுக்காரரைக் கீழே வாடகைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு ஏறினேன். நல்ல கால், கெட்ட கால், கோல். ஒவ்வொரு மாடிக்கும் பதினெட்டு. முதல் பதினெட்டில் வியர்வை. முப்பத்தாறாவது படியில் தொடை தானாக ஆட ஆரம்பித்தது, சுவரில் கால் வைத்த நாளைப்போல. அதற்குமேல் ஒரு படிகூட முடியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோல் விழுந்த சத்தம் கேட்டு மேலே கதவு திறந்தது. "யாரது?"

"உள்" என்றேன்.

"அடிப்பாவி!" தடதடவென்று இறங்கி வந்தாள். நரைத்துவிட்டாள். இடது காலை மட்டும் இன்னும் அரை எட்டாகத்தான் வைக்கிறாள். தண்ணீர் கொடுத்தாள், முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள், பக்கத்தில் இடது காலை நீட்டி உட்கார்ந்தாள். "நாலு தலையில ரெண்டு தலை படிக்கட்டுல கிடக்குது பாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

அது அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். கோடு, அதிகாரி, எல்லாம்.

கீழே யாரோ பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள்.

"எத்தனை பாதம்?"

"நாலு."

"நில்லுன்னு கத்தினேனே. கேக்கலைன்னுதான் நெனச்சேன்."

"கேட்டுச்சு."

அவள் தன் இடது தொடையின் பின்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "நான் சோம்பேறின்னு நெனச்சிட்டிருந்தேன்டி. இத்தனை வருஷமா. ரெண்டு சுத்து ஓடி உடம்பைச் சூடு பண்ணியிருந்தா இப்படி ஆயிருக்காதேன்னு. எம் பையன் நல்லா ஓடுவான். ஓடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அவனைப் பாடாப் படுத்துவேன். வேணாம்மா, வேணாம்மான்னு அழுவான். விடமாட்டேன். கடைசியில அவன் ஓட்டத்தையே விட்டுட்டான்."

இது எனக்குத் தெரியாது. நாலு பாதம் இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.

மன்னிச்சுடு என்றேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"போ" என்றாள். "இப்ப உம் மூஞ்சியைப் பாக்க முடியலை. போயிடு." கைப்பிடியைப் பிடித்து எழுந்து மேலே போனாள். நாலைந்து படி ஏறியவள், திரும்பாமலே கேட்டாள்: "இறங்கும்போது எந்தக் காலு முன்னாடி?"

"கெட்டது."

"ம்."

கதவு சாத்திக்கொண்டது. முப்பத்தாறு படியையும் கெட்ட காலை முன்னால் வைத்து இறங்கினேன்.

ஜூலை 28

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். கல்லை நகர்த்தியவளோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினீர்கள் என்று.

என் பாதத்தை எடுத்து மடியில் வைத்து அளந்தார். இருபத்து மூன்றரை. "நாலுன்னா தொண்ணூத்து நாலு சென்டிமீட்டர்" என்றார்.

"கல்லை நகர்த்தினவங்களை என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி அளப்போம். பழைய இடத்துலயே நட்டுட்டு ரெண்டு பக்கத்துக்காரங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுவோம்."

"ஒரு பக்கத்துக்காரி போடலைன்னா?"

"போடலைன்னா போகுது. கல் சரியான இடத்துல இருக்கு இல்ல?" என்றார். பிறகு தேநீர் போடப் போனார். இரண்டு கோப்பையோடுதான் திரும்பினார்.

ஜூலை 30

இன்று விமானம். போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 6

கூடத்துச் சுவரில் நான் வெற்றி நாடாவை நெஞ்சில் வாங்குகிற படம் ஒன்று இருக்கிறதே, அதைக் கழற்றிச் சட்டத்தைப் பிரித்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் பார்த்தார். படம் பாதியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரித்தால் தூரத்தில், சிறியதாக, பாதையில் விழுந்து கிடக்கிறாள் நடு. ஒரு கை இன்னும் முன்னால் நீண்டிருக்கிறது.

மடித்த தழும்பு போகவில்லை. அப்படியே பெரிய சட்டத்துக்குக் கொடுத்தேன். நேரிடம் நடுவின் புது முகவரியை வாங்கி அவளுக்கு ஒரு நகல் அனுப்பினேன். பின்னால் எழுதியது: "கோடு முப்பதில் இருந்தது. இருபத்தாறில் இருந்திருக்க வேண்டும். போட்டது நான்." கையெழுத்தும் போட்டேன். உள் என்றில்லை, முழுப் பெயரும்.

ஆகஸ்ட் 15

நேர் போன் செய்தாள். நகல் அவளுக்கும் வெளிக்கும்கூட அனுப்பியிருந்தேன். பத்து நிமிஷம் திட்டினாள். கேட்டுக்கொண்டேன். கடைசியில் "படி ஏறறியா இப்ப?" என்றாள். வீட்டுக்காரர் நாடாவும் கையுமாக என் தொடையை அளக்கிற கதையைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20

வலது 41.5. ஐம்பத்து நாலு படி ஏறிவிட்டேன், இங்கேயே, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக் கணக்கு சேர்த்து. யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 29

காலையில் நாடாவும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி. புது எண், நீளமான வெளிநாட்டு எண்.

"வலது 41. இடது 39.5. பையன்தான் அளந்தான். உன்னோடது?"

மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இடது 43, வலது 41.5 என்று அனுப்பினேன். அதற்குள் இரண்டு தடவை தப்பாக அடித்துவிட்டேன்.

உடனே மணி அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. எப்படி இருக்கே என்றில்லை, ஹலோ என்றுகூட இல்லை.

"கை!"

என் வலது கை தானாகப் பின்னால் போனது, உள்ளங்கை விரித்து.

"என்ன பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

ஒன்றுமில்லை என்றேன். கையை எடுக்கவில்லை.